புட்டிப்பால் குடிக்கும் முருங்கை

“முருங்கையைக்கூட இப்போது புட்டியில் வளர்க்கிறார்களாமே, அந்தக் கன்றை வாங்கி நட்டால் நிறையக் காய்க்குமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

புட்டியில் வளர்ப்பது உண்மைதான். திசு வளர்ப்பு என்று அதற்குப் பெயர். முருங்கையின் இளங்கணு ஒன்றைச் சிறிதாக நறுக்கி, கிருமி நீக்கி, புட்டிக்குள் இருக்கும் களியின்மேல் ஊன்றுவார்கள். அந்தக் களி என்ன தெரியுமா? பிள்ளைகளுக்கு நாம் காய்ச்சிக் கொடுக்கிறோமே, அதே அகார் அகார்தான்! அதில் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் சீனி கலப்பார்கள். புட்டிக்குள் இருக்கும் சின்னத் துளிரால் தனக்கு வேண்டிய உணவைத் தானே முழுவதும் தயாரித்துக்கொள்ள முடியாது. ஆகவே நாம்தான் ஊட்ட வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து தரும் உப்புகளும் உண்டு. இந்த உப்புகளின் அளவை 1962ஆம் ஆண்டில் முராஷிகி, ஸ்கூக் என்ற இருவர் புகையிலைக்காக வகுத்தார்கள். இன்றுவரை பல பயிர்களுக்கு அதுவே அடிப்படை.

ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே களி உதவாது. சைட்டோகைனின் என்ற ஊக்கியைச் சேர்த்தால் துளிர்கள் பல கிளம்பும். அவற்றைப் பிரித்து, உப்பைப் பாதியாகக் குறைத்து, ஆக்சின் என்ற வேறோர் ஊக்கியைச் சேர்த்த களியில் வைத்தால் பெரும்பாலும் வேர் இறங்கும். வயிறு நிறையக் கொடுத்தால் துளிர். அரை வயிறு கொடுத்தால் வேர்! நம் தேங்காய்த் தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. 1941இலேயே ஊமத்தையின் கருவை வளர்க்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். புட்டிக் கன்று தாய்மரத்தின் நகல்தான். தாய் நன்றாகக் காய்த்தால் இதுவும் காய்க்கும். களியால் புதிய குணம் எதுவும் வந்துவிடாது. சில சமயம் நகலும் பிசகும். திசு வளர்ப்பில் வந்த செம்பனைகள் சிலவற்றில் பூ திரிந்து, காய் கெட்டுப்போனதை 1980களில் கண்டார்கள். அதன் காரணத்தை மலேசிய ஆய்வாளர்கள் விளக்கியது 2015இல்தான்.

முருங்கை இனங்கள் 13 உண்டு. ஆப்பிரிக்காவில் அழியும் நிலையில் உள்ள அதன் உறவினங்களைக் காப்பாற்றப் புட்டி தேவைதான். வீட்டுக்கு ஒரு மரம் வேண்டுமென்றால் அதற்காக வெள்ளியைச் செலவழிப்பானேன்? விதை போட்டாலும் முளைக்கும். ஆனால் வண்டும் தேனீயும் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. போத்து வைத்தால் அதே மரம்தான்.

தோட்டம் கைமாறி, லயத்து வீட்டைக் காலி செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். பாட்டி வைத்த மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. மணிக்கட்டுப் பருமனில், ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு போத்து வெட்டுங்கள். வெட்டுவாய் உலர இரண்டு மூன்று நாள் நிழலில் சாத்தி வையுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். அடிப்பக்கம் கீழே இருக்கட்டும்; தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் அடியில் துளையிட்ட பெரிய பீப்பாயில் வைக்கலாம். காய் அதிகம் கிடைக்காவிட்டாலும் கீரைக்குக் குறைவிருக்காது.