வெட்டவெளி அடுப்பும் கியாஸ் அபாயமும்

"கியாஸ் வீட்டுக்குள் கசிந்தால்தான் ஆபத்து. வெட்டவெளியில் கசிந்தால் காற்றோடு போய்விடும்."

இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் அபாயம் இருக்கிறது.

தாம்பரத்தில் இன்று கியாஸ் அடுப்பு தெருவுக்கு வந்துவிட்டது. பஸ் நிலையத்தின் பக்கம் பஜ்ஜி வண்டி. சேலையூரில் தோசை வண்டி. கல்யாண மண்டபங்களின் பின்புறம் சாமியானாவுக்குக் கீழே பெரிய பெரிய அடுப்புகள். பிறந்தநாள் விருந்து என்றால் மொட்டை மாடிக்கும் சிலிண்டர் ஏறுகிறது.

விறகுப் புகை ஒழிந்தது. நல்லதுதான். ஆனால் விறகு அடுப்புக்குப் பழகிய கை, கியாசுக்கும் பழக வேண்டாமா?

மேலே போகாது

சிலிண்டரில் இருக்கும் கியாஸ், காற்றைவிடக் கனமானது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு கனம். ஆகவே அது புகையைப்போல் மேலே போகாது. தண்ணீரைப்போல் பள்ளம் தேடி ஓடும்.

தாம்பரம், முடிச்சூர் பக்கம் பள்ளத்துக்கா பஞ்சம்? திறந்த சாக்கடை, மழைநீர்க் கால்வாய், தோண்டிப்போட்ட குழி! காற்று அசையாத நேரத்தில் கியாஸ் அங்கே போய்த் தங்கும். 100 பங்கு காற்றில் 2 பங்கு கியாஸ் கலந்தால்கூடப் போதும். ஒரு பீடித் துண்டு விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

கியாசுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே நாற்றம் தரும் மருந்தைக் கலக்கிறார்கள். ஆனால் தெருவில் எண்ணெய் வாடையும் சாக்கடை நாற்றமும் சேர்ந்து அதை அமுக்கிவிடலாம்.

காற்று பலமாக வீசினாலும் தொல்லைதான். அடுப்புத் தீ அணைந்துவிடும். கியாஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதைக் கவனிக்காமல் மறுபடி நெருப்பைப் பற்றவைத்தால், குப்பென்று முகத்தில் அடிக்கும்.

மதுரையில் நடந்தது

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி. மதுரை ரெயில் நிலையம் அருகே, லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று நிறுத்தப்பட்டிருந்தது. விதியை மீறி அதில் சிலிண்டர் கொண்டு வந்திருந்தார்கள். அதிகாலையில் அதைப் பற்றவைத்தபோது தீப்பிடித்தது. 9 பேர் மாண்டார்கள்.

"அது மூடிய பெட்டி. தெரு அப்படியா?" என்று கேட்கலாம். தள்ளுவண்டியைக் குனிந்து பாருங்கள். கீழ்த்தட்டில் சிலிண்டர். மேல்தட்டில் கொதிக்கும் எண்ணெய். மழைக்காகச் சுற்றிலும் பிளாஸ்டிக் படுதா. இதுவும் ஒரு மூடிய பெட்டிதானே!

என்ன செய்ய வேண்டும்?

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். சாய்த்தால் கியாசுக்குப் பதில் திரவமே வெளியே வரும். அடுப்புக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சாக்கடை ஓரத்திலும் வைக்காதீர்கள்.

கியாஸ் குறைந்துவிட்டது என்று சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவதும், அதன் பக்கத்தில் தீ மூட்டுவதும் பெரும் தவறு.

ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கசிகிறதா என்று பார்க்க சோப்பு நுரை தடவினால் போதும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்!

கசிவு தெரிந்தால் முதலில் வால்வை மூடுங்கள். பக்கத்து அடுப்புகளை அணையுங்கள். அருகில் யாரும் மோட்டார் சைக்கிளைக் கிளப்பக்கூடாது. காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் தள்ளி நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தீப்பிடித்துவிட்டால் 101.

வண்டியை விரட்டாதீர்கள்

அபாயம் என்பதற்காக வண்டிக்காரர்களை விரட்டுவது நியாயம் ஆகாது. அந்த அடுப்பை நம்பித்தான் ஒரு குடும்பமே சாப்பிடுகிறது.

வீட்டுக்கு உரிய 14.2 கிலோ சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். அதனால் சிலர் அதன்மேல் சாக்கைப் போட்டு மறைக்கிறார்கள். மறைத்து வைத்த சிலிண்டர் கசிந்தால் யாருக்குத் தெரியும்? கடைகளுக்கு என்றே 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. அதை வாங்க முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டரும் உண்டு. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், அடையாள அட்டையைக் காட்டி அதை வாங்கலாம். இந்த விவரத்தை வண்டிக்காரர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

2014-ம் ஆண்டுச் சட்டப்படி தெரு வியாபாரிகளுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் நாளிலேயே கியாஸ் அடுப்பைக் கையாளும் முறையையும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் என்ன? வண்டிகள் நிற்பதற்குச் சாக்கடை இல்லாத மேட்டு இடத்தை ஒதுக்கினால் என்ன? தாம்பரம் மாநகராட்சி மனம் வைத்தால் இரண்டும் நடக்கும்.

பொதுமக்களுக்கும் பங்கு உண்டு. பஜ்ஜி வாங்கும்போது கண் சற்றுக் கீழேயும் போகட்டும். "அண்ணே, குழாய் வெடித்திருக்கிறதே, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். அவர் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.