தண்ணிக்கே தண்ணி காட்டும் இலை!

இன்டர்னல்ஸ், அரியர் எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் ஒரே ஒரு ரெண்டு மார்க் கேள்வி. தாமரை இலையில தண்ணி ஏன் ஒட்டுறதில்லை?

'இலை மேல மெழுகு இருக்கு சார்!'னு கடைசி பெஞ்ச்கூட எழுந்து நின்னு சொல்லும். மார்க்கும் விழுந்துடும். ஆனா பாஸ், அது பாதி பதில்தான். மீதிப் பாதி தெரிஞ்சா, வீட்டு நான்-ஸ்டிக் தவாவுல ஆரம்பிச்சு மழை ஜாக்கெட் வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி நாலு கேள்வி கேட்பீங்க.

தண்ணி ஒரு கேங் பார்ட்டி

முதல்ல ஒரு விஷயம். தண்ணிக்கு மெழுகு மேல எந்தக் கோபமும் கிடையாது. கேன்டீன்ல நாலு டேபிளை இழுத்துப் போட்டு ஒண்ணா உட்காருமே ஒரு கேங், தண்ணி அந்த ஜாதி. ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்துல இருக்கறதோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக் கை கோத்துக்கும். கண்ணாடி மாதிரி ஆளுங்க 'எங்க கையையும் பிடிச்சுக்கோ'ன்னு நீட்டினா, தண்ணி ஜாலியா அதுமேல பரவிடும். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் நீட்டக் கை இல்லை. அதனால தண்ணி தன் கூட்டத்தோடவே சுருண்டுக்கும். குறைஞ்ச பரப்புல அடங்கற வடிவம் உருண்டைதானே... அதான் முத்து முத்தா நிக்குது. பரப்பு இழுவிசைன்னு ப்ளஸ் ஒன்ல படிச்சோமே, அதேதான்!

எவ்வளவு ஒட்டாதுன்னு அளக்க ஒரு கணக்கு இருக்கு. சொட்டோட ஓரம் தரையைத் தொடுற இடத்துல, சொட்டுக்கு உள்பக்கமா உண்டாகிற கோணம். 1805-லயே தாமஸ் யங் இதை வெச்சு விளக்கம் எழுதிட்டார். 90 டிகிரிக்குக் கீழே இருந்தா நனையும். மேலே போனா நனையாது. சுத்தமான கண்ணாடியில இது பூஜ்யத்துக்குப் பக்கம். மெழுகு, டெஃப்லான் ரெண்டும் 110-க்குப் பக்கம்.

இங்கதான் மேட்டரே இருக்கு. வழவழன்னு சமமான பரப்புல எந்த கெமிக்கலைப் பூசினாலும் சுமார் 120 டிகிரியைத் தாண்ட முடியாது. தாமரை இலையில எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 160! அப்போ அது வெறும் மெழுகோட வேலையா இருக்க முடியாதில்லையா?

ஆணிப் படுக்கை டெக்னிக்

1970-கள்ல வில்ஹெல்ம் பார்ட்லாட்டுங்கற ஜெர்மன் தாவரவியலாளர், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல விதவிதமான இலைகளைப் பார்த்துக்கிட்டிருந்தார். வழவழப்பான இலைகளைத் துடைச்சுத்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்துச்சு. ஆனா மேடுபள்ளமா இருந்த சில இலைகள்ல தூசியே இல்லை. சொரசொரப்பான இடத்துலதானே அழுக்கு சேரணும்? இங்கே அப்படியே உல்டா!

காரணம் இதுதான். தாமரை இலை முழுக்க ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு அளவுக்குக் குட்டிக் குட்டி மேடுகள். ஒவ்வொரு மேட்டு மேலயும் அதைவிடப் பொடிசா மெழுகுக் குழாய்கள். திருவிழாவுல ஆணிப் படுக்கை மேல சாமியார் படுத்திருப்பாரே, அந்த மாதிரி தண்ணிச் சொட்டு அந்த முனைகள் மேல மட்டும் படுத்திருக்கும். கீழே பூராவும் காத்து! இலையைத் தண்ணி தொடுறதே ரொம்பக் கொஞ்சம் இடத்துலதான். இப்படி அடியில காத்து மாட்டிக்கிட்டா தொடுகோணம் எகிறும்னு 1944-லயே காஸியும் பாக்ஸ்டரும் சமன்பாடு போட்டிருந்தாங்க.

இலைக்கு இதுல என்ன லாபம்? தாமரைக்கு மூச்சு விடுற துளைகள் இலையோட மேல்பக்கத்துல இருக்கு. தண்ணி தேங்கினா மூச்சு முட்டும். சொட்டு உருண்டு ஓடுறப்போ தூசியையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடும். குளம் பக்கத்துல இல்லாதவங்க சேப்பங்கிழங்கு இலையில ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, அதுவும் இதே கில்லாடிதான். 1997-ல பார்ட்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் இதை விரிவா எழுதினாங்க. 1999-ல இதே டெக்னிக்ல 'லோட்டுசான்'னு ஒரு சுவர் பெயிண்ட்டே வந்துடுச்சு.

செஞ்சு பாருங்க!

அடுத்த கரன்ட் கட்டுக்கு ஒரு வேலை தர்றேன். ஒரு எவர்சில்வர் ஸ்பூனோட அடிப்பக்கத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குள்ள காட்டுங்க (காம்பைத் துணியால பிடிங்க, சுடும்!). கரி திட்டமா படிஞ்சதும் ஆறவிட்டு, மேலே தண்ணிச் சொட்டு விடுங்க. பாதரசம் மாதிரி உருண்டு ஓடும். ஸ்பூனைத் தண்ணிக்குள்ள முக்கிச் சாய்ச்சுப் பார்த்தா வெள்ளி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு, கரித் துகள்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்து. விசேஷமான கெமிக்கல் எதுவும் கிடையாது. விரலால ஒரு தேய் தேய்ங்க, வித்தை அவுட்! இந்தக் கடைசி வரியை மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

ஒட்டாதது... விட்டும் போகாதது!

நாம போனது வேற ரூட். 1938 ஏப்ரல் 6, அமெரிக்காவோட டூபாண்ட் கம்பெனி. ஃப்ரிட்ஜுக்குப் புது வாயு தேடிக்கிட்டிருந்த ராய் பிளங்கெட், சிலிண்டரைத் திறந்தா வாயு வரலை. அறுத்துப் பார்த்தா உள்ளே வழுவழுன்னு வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். கார்பனுக்கும் ஃப்ளூரினுக்கும் நடுவுல இருக்கிறது கரிம வேதியியல்லயே ரொம்ப வலுவான ஒற்றைப் பிணைப்பு. தேய்ச்சாலும் சூடு பண்ணினாலும் லேசுல அசையாது.

ஆனா டெஃப்லானைத் தயாரிக்கிறது தண்ணியில. சேரவே சேராத ரெண்டு பேரை ஒரே தொட்டியில சேர்த்து வைக்க ஒரு தரகர் வேணுமே! ஒரு முனை தண்ணியைப் பிடிக்க, மறுமுனை ஃப்ளூரின் பக்கம் சாய, சோப்பு மாதிரி வந்தவர்தான் பி.எஃப்.ஓ.ஏ. மேற்கு வர்ஜீனியாவுல பார்க்கர்ஸ்பர்க் பக்கத்து டூபாண்ட் ஆலையில 1951-லருந்து இதைப் பயன்படுத்தினாங்க. அது ஆத்துல கலந்துச்சு, குடிதண்ணியிலயும் வந்துச்சு. மாடுகளைப் பறிகொடுத்த ஒரு விவசாயிக்காக ராபர்ட் பிலாட்டுங்கற வக்கீல் 1999-ல கேஸ் போட்டார். பின்னாடியே அந்த வட்டாரத்துல சுமார் 69,000 பேரோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உள்பட ஆறு நோய்களோட இதுக்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்னு 2012-க்குள்ள விஞ்ஞானிகள் குழு சொல்லிடுச்சு. 2017-ல சுமார் 3,550 வழக்குகளை முடிக்க டூபாண்டும் கெமூர்ஸும் 67 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க. 2023-ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, பி.எஃப்.ஓ.ஏ. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னே அறிவிச்சுது.

தண்ணி ஒட்டாத சட்டி செய்யப் போய், தண்ணியை விட்டே போகாத ஒண்ணைச் செஞ்சு வெச்சுட்டாங்க!

அப்போ தவாவைத் தூக்கி எறியணுமா? பதற வேணாம். பி.எஃப்.ஓ.ஏ. தயாரிப்பு உதவிக்குச் சேர்த்ததுதான், அதுக்காக டெஃப்லானே விஷம்னு அர்த்தம் இல்லை. காலித் தவாவை அடுப்புல மறந்து 260 டிகிரிக்கு மேல காய விடாதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. ஆனா டப்பாவுல 'பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா உடனே அசந்துடாதீங்க. அந்தக் குடும்பத்துல ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருக்காங்க, ஒருத்தர் மட்டும்தான் வெளியே போயிருக்கார். பிரான்ஸ் 2025-ல போட்ட சட்டம் துணி, மேக்கப் அயிட்டங்கள்ல இந்தக் குடும்பத்துக்கே தடை போடுது. சமையல் பாத்திரத்துக்கு மட்டும் அதுல விலக்கு!

கெமிக்கல் ரூட்டுல உழைப்பு இருக்கு, விஷமும் இருக்கு. தாமரை ரூட்டுல விஷம் இல்லை, ஆனா தேய்ச்சா போயிடும். தாமரைக்கு மெழுகு தேய்ஞ்சா மறுபடி வளரும், நம்ம ஸ்பூனுக்கு வளராது. தேய்ச்சாலும் நிக்கிற மேடுபள்ளத்தை யார் செய்யப் போறாங்கங்கறதுதான் இன்னிக்கு இந்தத் துறையில பெரிய கேள்வி. மெக்கானிக்கல், கெமிக்கல், டெக்ஸ்டைல் மக்களே... சீனியரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அட்டையை மாத்தி பைண்டிங் போடுறதுக்கு முன்னாடி, ஒரு தடவை குளக்கரைப் பக்கம் போயிட்டு வாங்க!