கேமரா யார் சொல்படி கேட்கிறது?

அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் 'பூடுவார்' போட்டோகிராபி என்று ஒன்று உண்டு. பிரெஞ்சு வார்த்தை. பெண்ணின் அந்தரங்க அறை என்று பொருள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்ற வினைச்சொல்லில் இருந்து பிறந்த பெயராம், அந்தக் காலத்து ஆண்களின் நக்கல்! உள்ளாடையிலோ, போர்வை சுற்றியோ ஒரு பெண்ணைப் படமெடுத்து ஆல்பமாக்கிக் கொடுப்பதுதான் தொழில். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசாகவும் இதை விற்கிறார்கள். ஆனால் இப்போது அதிகம் விலைபோகிற வாசகம் வேறு: 'இந்தப் படங்களைப் பார், உன்னை நீயே ஏற்றுக்கொள்வாய்.'

'கலாச்சாரம் கெட்டுப்போச்சு' என்று குதிக்கப் போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அவள் உடம்பு, அவள் படம், அவள் முடிவு. அதில் மூன்றாம் மனிதருக்கு வேலையில்லை. பிரச்சினை அந்த வாசகத்தில்தான்.

ஸ்டுடியோவில் என்ன நடக்கிறது? முதலில் மேக்கப், தலை அலங்காரம். பிறகு ஜன்னலோரத்து மெல்லிய வெளிச்சம். தொப்பை தெரியாத கோணம். அதன்பின் கம்ப்யூட்டரில் பிரசவத் தழும்பைத் தேய்த்து, இடுப்பைக் கொஞ்சம் செதுக்கி, திரையில் காட்டி, 'பாருங்கள், இதுதான் நீங்கள்!' என்கிறார்கள். அவள் அழுகிறாள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. வருஷக்கணக்காகக் குண்டு, கறுப்பு என்று கேட்டே வளர்ந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிய விஷயம்தான். ஆனால் அவள் ஏற்றுக்கொண்டது யாரை? தழும்பு இல்லாத ஒருத்தியை. தழும்பு இருக்கிறவள் அன்று ராத்திரி வீட்டுக் கண்ணாடியில் அப்படியே காத்திருக்கிறாள்.

இந்த வித்தை ஸ்டுடியோக்காரர்களோடு நிற்கவில்லை. 2005-ல் அமெரிக்காவில் டவ் நிறுவனம் மாடல்களை விட்டுவிட்டு, சாதாரணப் பெண்களை வெள்ளை உள்ளாடையில் நிறுத்தி விளம்பரம் செய்தது. உள்ளபடியே உன் உடம்பை நேசி என்ற தோரணை. ஆஹா, புரட்சி! விற்ற சரக்கு என்ன தெரியுமா? சருமத்தை இறுக்கும் கிரீம். உடம்பு அப்படியே அழகு என்றால் எதற்கு இறுக்க வேண்டும்? குறையைச் சொல்லி விற்பது பழைய வியாபாரம். குறையே இல்லை என்று சொல்லிக்கொண்டே அதே மருந்தை விற்பது புதிய வியாபாரம்.

அப்படியானால் படத்தால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். லண்டனில் ஜோ ஸ்பென்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1967 முதல் 1974 வரை சொந்தமாகப் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். கல்யாணப் படம், குடும்பப் படம் எடுத்து, சிரிப்பை எப்படித் தயாரிப்பது என்று உள்ளிருந்தே தெரிந்துகொண்டவர். 1982-ல் அவருக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் போகுமுன், மார்பின் மேலேயே 'ஜோ ஸ்பென்ஸின் சொத்து?' என்று எழுதிப் படமெடுத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள். இந்த உடம்பு எனக்கா, டாக்டருக்கா என்ற கேள்வி அது. மார்பை முழுதாக அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார்.

பிறகு ரோஸி மார்ட்டின் என்ற தோழியோடு சேர்ந்து 'போட்டோ தெரபி' என்று ஒன்றை உருவாக்கினார். ஒருவர் படமெடுக்க, மற்றவர் எதிரே நிற்பார். பிறகு இடம் மாறுவார்கள். என்ன வேஷம், எந்த நினைவு என்பதை எதிரே நிற்பவர்தான் தீர்மானிப்பார். வந்த படங்களில் தழும்பு தழும்பாகவே இருந்தது. 1992-ல் இறக்கும்வரை அவர் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

1993 ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழின் அட்டையில் மட்டுஷ்கா என்ற கலைஞர், மார்பு அகற்றப்பட்ட தழும்பு தெரிய நின்றார். படத்தை எடுத்ததும் அவரே. வாசகர் கடிதங்கள் குவிந்தன. சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் நன்றி சொன்னார்கள். தழும்பை அழித்துவிட்டு அதே படத்தைப் போட்டிருந்தால் ஒரு கடிதமாவது வந்திருக்குமா?

'எல்லாரும் ஜோ ஸ்பென்ஸ் ஆக முடியுமா? ஒருநாள் அழகாகத் தெரிய ஆசைப்படுவது குற்றமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றமே இல்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், சந்தோஷப்படட்டும். ஆனால் அதற்கு 'சந்தோஷம்' என்று பெயர் வையுங்கள். 'சுய ஏற்பு' என்று பில் போடாதீர்கள்.

எது எது என்று கண்டுபிடிக்க மூன்று கேள்வி போதும். எப்படி நிற்பது என்று யார் சொன்னார்கள்? எதை அழித்தார்கள்? படம் கடைசியில் யாரிடம் இருக்கிறது? மூன்றுக்கும் 'அவளே', 'எதையும் இல்லை', 'அவளிடம்' என்று பதில் வந்தால், அந்தப் படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் இருப்பது அவள்தான்.