இழுக்க ஆயிரம் பேர், நிறுத்த ஒரு கட்டை

திருவாரூர் ஆழித்தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது முதலில் ஒன்றுமே நடப்பதில்லை. வடத்தில் ஆயிரக்கணக்கான கைகள், பின்னால் முட்டித் தள்ளும் புல்டோசர்கள், "ஆரூரா, தியாகேசா" என்ற முழக்கம். எல்லாம் இருந்தும் தேர் அசையாது. பிறகு மேலே தொம்பைகள் மெல்ல ஆடும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் உள்ள தேர் ஓடத் தொடங்கிவிட்டது.

நின்றதைக் கிளப்பத்தான் பாடு. கிளம்பிவிட்டால் ஒரே வேகத்தில் ஓட்ட அவ்வளவு இழுவை வேண்டாம். நிற்கும் சக்கரத்தை அச்சும் தரையும் பிடித்துவைக்கும் உராய்வு, உருளும் சக்கரத்துக்கு இருப்பதைவிட அதிகம். முழக்கத்துக்கும் இதில் வேலை உண்டு. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் பலம் சிதறும். சொல்லுக்குச் சொல் சேர்ந்து இழுத்தால் ஒன்றுகூடும். இழுப்பவரின் கால் தரையைப் பின்னால் உதைக்க, தரை அவரை முன்னால் தள்ளுகிறது. வீதியில் எண்ணெய் கொட்டியிருந்தால் எத்தனை பேர் வந்தும் பயனில்லை.

வித்தைக்காரர்கள் இருப்பது சக்கரத்துக்குப் பக்கத்தில். உருளும் இரும்புச் சக்கரத்தின் முன் முட்டுக்கட்டையைச் சரியான நொடியில் செருகிவிட்டு, காலை இழுத்துக்கொள்பவர்கள். தேர் நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி நடையைவிட மெதுவான வேகம். அப்போதும் அதன் உந்தம், 15 டன் பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும்போது இருக்கும் உந்தத்துக்குச் சமம். அதை எப்படி ஒரு மரக்கட்டை நிறுத்துகிறது?

கட்டை ஆப்பு வடிவில் இருப்பதில்தான் விஷயம். முன்னேற வேண்டுமானால் சக்கரம் அதன் மேல் ஏற வேண்டும். ஏறினால் தேரும் சற்றே உயரும். கணக்குப் போட்டால், அரை மீட்டர் வேகத்தில் வரும் தேர் முழுவதும் சுமார் 1.3 சென்டிமீட்டர் உயர்ந்தாலே அதன் இயக்க ஆற்றல் தீர்ந்துவிடும். முன்சக்கரங்கள் மட்டும் ஏறுவதானால் ஏறக்குறைய இரு மடங்கு உயரம் வேண்டும். கட்டை தரையில் தேய்வதும் கொஞ்சம் உதவும். இந்த உயரத்துக்கும் தேரின் எடைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் ரசமான செய்தி. வேகத்தைப் பொறுத்தது அது. வேகம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகி 5 சென்டிமீட்டரைத் தொடும். தேரை ஆமை வேகத்திலேயே வைத்திருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வீதி முனையில் திருப்புவதும் கட்டையால்தான். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டை தடுக்க, மறுபக்கம் முந்துகிறது, தேர் திரும்புகிறது. 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றிருந்த இந்தத் தேர், கருணாநிதி முதல்வராக இருந்த 1970இல் மறுபடி ஓடியது. இன்று திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. அதற்காகக் கட்டைக்காரர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

இந்த இழுப்புக்கும் உதைப்புக்கும் பின்னால் உள்ள இயக்க விதிகளை நியூட்டன் அச்சேற்றியது 1687இல். வேகம் இரட்டித்தால் நிறுத்தும் வேலை நான்கு மடங்காவதைக் கண்ணெதிரே காட்டியவர் டச்சு அறிஞர் ஸ்கிராவெசாண்டே. 1720களில் அவர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு ஆழத்துக்குப் புதைந்தது.

தேர் வீதியைத் தாண்டினால் பைபாஸ். அங்கே பைக்குகளுக்கும் இதே கணக்குதான். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரோடு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பிரேக் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம். 60இல் வருபவருக்கு 10 போதாது, 20 வேண்டும். குறுக்கே ஓடிவரும் ஆட்டைப் பார்த்து, கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்றால், அதற்குள்ளேயே வண்டி இன்னொரு 17 மீட்டர் போயிருக்கும். இதெல்லாம் காய்ந்த சாலைக்கான கணக்கு. மழை தூறிப் பிடிமானம் பாதியானால் அந்த 20 மீட்டர் 40 ஆகும்.