வடிகாலை எங்கே நின்று அளப்பது?

காவிரிப் படுகையில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் நடந்த ஆண்டுகள் உண்டு. தண்ணீர் வடியவில்லை என்று மறியல் நடந்த ஆண்டுகளும் உண்டு. முதல் சிக்கலுக்கு நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றம், மேலாண்மை ஆணையம் எல்லாம் வந்துவிட்டன. இரண்டாவதற்குக் கோடையில் பொக்லைன் வருகிறது.

நம் பாசன வரலாறு அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கல்லணை, 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய மேலணை, 1934இல் முடிந்த மேட்டூர் என எல்லாம் நீரைக் கொண்டுவந்து சேர்த்த கதை. வந்த நீர் எந்த வழியாகக் கடலுக்குப் போயிற்று என்பதைச் சொல்ல அந்தக் கதையில் ஆளில்லை. வெண்ணாற்றுப் பகுதியில் அதைச் சொல்வதும் எளிதல்ல. பாண்டவையாறு, வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாம் மேல்பகுதியில் பாசன ஆறுகள். கீழே வரவர, வயல்கள் கழித்துவிடும் நீரை வாங்கிக்கொள்ளும் வடிகால்கள். மேலே உள்ளவர் வடித்துவிட்டது ஆடியில் கீழே உள்ளவருக்குப் பாசனம், கார்த்திகையில் வெள்ளம். போதாக்குறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் உப்புப் படகுகளுக்காக வெட்டிய வேதாரண்யம் கால்வாய் கடலோரமாகக் குறுக்கே கிடக்கிறது. படகுகள் போய்விட்டன. வயல் கழித்த நீரை அது இன்று சுமக்கிறது.

பராமரிப்புக் கதையும் பழையது. ஊர் கூடி வாய்க்கால் வெட்டும் குடிமராமத்து தானாகவே நடந்துகொண்டிருந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அதற்கு ஆள் அனுப்பாதவர்களைக் கட்டாயப்படுத்த 1858இலேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதே பெயரில் 2017இல் அரசுத் திட்டம் வந்தபோது, மண்வெட்டிக்குப் பதில் இயந்திரம் இருந்தது. ஏ, பி பிரிவு வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் கணக்கில் வரும். வயலை ஒட்டிய சி, டி வாய்க்கால்களுக்கோ யார் பொறுப்பு என்பதே வழக்கு. மழைநீர் முதலில் இறங்க வேண்டிய இடமோ அதுதான். அங்கே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்க, ஆற்றை மட்டும் ஆழப்படுத்தி என்ன பயன்?

தூர்வாரியதன் பயனை எப்படி மதிப்பிடுகிறோம்? இத்தனை கிலோமீட்டர், இத்தனை கோடி, மேட்டூர் திறக்கும் நாளான ஜூன் 12க்குள் முடிந்ததா இல்லையா. அள்ளிய மண்ணைக் கரைமேலேயே குவித்துவிட்டு, முதல் மழையில் அது சரிந்து மீண்டும் உள்ளே விழுந்தாலும் கிலோமீட்டர் குறையாது. விளைவு தெரிவது ஐப்பசியில், கடைமடையில். நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால், பிடித்து இழுக்கும்போது வேர் அழுகிக் கையோடு வந்துவிடும். மூன்று நாளில் வடிந்தால் உரம் போட்டுத் தேற்றிவிடலாம். ஆக, வடிகாலின் வெற்றி தோல்வியெல்லாம் இந்த நான்கு நாள் வித்தியாசத்தில் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேல்பகுதியில் அகலப்படுத்தினால் வெள்ளம் விரைவாகக் கீழே இறங்கும். கடல் ஏற்றத்தில் இருக்கும் வேளையில் வந்து சேர்ந்தால் வடிய வழியின்றிக் கடைமடையில் தேங்கும். கழிமுகத்தை ஒட்டி அடிமட்டத்தை அதிகம் தோண்டினால், கோடையில் ஆற்றில் நீர் இல்லாதபோது உப்புநீர் அந்தப் பள்ளம் வழியாக உள்ளே ஏறும். கடைசி ரெகுலேட்டரின் ஷட்டர் துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். வயலில் இட்ட உரமும் மருந்தும் முத்துப்பேட்டை அலையாத்தி வரை போவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் ஃபென் சதுப்புநிலம் இதில் ஒரு பாடம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மைடன் அங்கே நேர்க்கால்வாய்கள் வெட்டினார். நிலம் விளைந்தது. வடிந்த கரிமண் சுருங்கித் தாழ்ந்தது. ஆறு மேலே, வயல் கீழே என்றானது. நீரை ஏற்றி இறைக்கக் காற்றாலை வந்தது, பிறகு நீராவி, பிறகு டீசல், மின்சாரம். ஹோம் என்ற ஊரில் 1851இல் தரைமட்டத்துக்குப் புதைத்த இரும்புத் தூண் இன்று சுமார் நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. முதல் பத்து ஆண்டில் மதிப்பிட்டிருந்தால் அது முழு வெற்றி. நம்முடையது வண்டல் மண். அப்படித் தாழாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பருவத்தைப் பார்த்து வடிகாலுக்கு மதிப்பெண் போட முடியாது என்பது இரு நிலத்துக்கும் பொது.

2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்த வெண்ணாறு திட்டம், நான்கு ஆறுகளோடு வேதாரண்யம் கால்வாயையும் வளவனாறு வடிகாலையும் எடுத்துக்கொண்டது. ஆற்றையும் வடிகாலையும் கடல்முகத்தையும் ஒன்றாகப் பார்த்தது சரியான தொடக்கம். கடனை அடைப்பது அடுத்த தலைமுறையும்தான். அதற்குரிய கணக்கையும் கொடுக்க வேண்டும். கடைமடை ரெகுலேட்டர் ஒவ்வொன்றிலும் இருபுறமும் அளவுகோல் பதித்து, மழைக்காலத்தில் நீர்மட்டத்தையும் வயலில் நீர் நின்ற நாட்களையும், கோடையில் உப்பின் அளவையும் குறித்து, ஆண்டுதோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் நீர்வளத் துறை எழுதி வைக்கட்டும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கலாம். இதற்குப் புதிய கடன் தேவையில்லை.