ஃபெரிக் கட்டணமும் வருகைப் பதிவேடும்

அண்மையில் வகுப்பின் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தபோது, ஒரு மாணவனின் பெயருக்கு நேரே மாதந்தோறும் ஒருநாள் விடுப்பு இருப்பதைக் கவனித்தேன். ஒரு மாதம் மட்டும் அந்த விடுப்பு இல்லை. உடல்நலம் தேறிவிட்டது போலும் என்று மகிழ்ந்து, தாயாரைச் சந்தித்தபோது அதைச் சொன்னேன்.

"இல்ல டீச்சர். போன மாசம் போக முடியல. பஸ், ஃபெரி, மறுபடி பஸ். சின்னவளையும் வீட்ல விட ஆளில்ல. மூணு பேருக்குக் கணக்குப் பார்த்தேன், விட்டுட்டேன்" என்றார்.

மருத்துவமனை தீவில் இருக்கிறது. அவர்கள் வாழ்வதோ பட்டர்வொர்த் பக்கம். இடையில் சுமார் மூன்று கிலோமீட்டர் கடல்.

இந்த நீரிணையில் 1894-ஆம் ஆண்டு முதல் ஃபெரி ஓடுகிறது. 1985-இல் முதல் பாலமும் 2014-இல் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. மகிழுந்துகளை ஏற்றிச் சென்ற பழைய ஈரடுக்கு ஃபெரிகள் 2020 டிசம்பர் 31-உடன் விடைபெற்றன. (அவற்றின் மேல்தளத்தில் காற்று வாங்கியபடி நின்ற நாள்களை நம்மில் யார் மறப்பார்?) 2023 ஆகஸ்டு முதல் ஓடும் நான்கு புதிய கலங்கள் ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும். மகிழுந்துக்கு அவற்றில் இடமில்லை. ஆக, இன்று ஃபெரி என்பது பெரும்பாலும் நடந்து வருவோரின் பாதை. பாலத்தில் நடக்க அனுமதி இல்லை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

என்னை உறுத்துவது ஒரு முரண். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாலங்களில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. நல்ல முடிவு; உழைக்கும் மக்களுக்கு உதவிய முடிவு. ஆனால், மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒரு சென்னும் செலுத்தாமல் பாலத்தைக் கடக்கிறார். அதுவும் இல்லாத தாய், இரு பிள்ளைகளோடு கடலைக் கடக்கக் கட்டணம் செலுத்துகிறார். சலுகை யாருக்கு முதலில் போயிருக்க வேண்டும்?

பழைய ஃபெரியில் பெரியவருக்கு 1 வெள்ளி 20 சென், சிறுவருக்கு 60 சென். பட்டர்வொர்த்தில் செலுத்தினால் போதும், திரும்புவதற்குக் கட்டணமில்லை. சிறு தொகைதானே என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்கும் எனக்கும் உங்களுக்கும் அது சிறு தொகைதான். ஆனால் அந்தத் தாய் ஃபெரிக்கு மட்டுமா கட்டணம் செலுத்துகிறார்? வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் பேருந்து, அக்கரையில் மீண்டும் பேருந்து, மருத்துவமனையில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு உணவு, அன்றைய கூலி இழப்பு. அத்தனையும் சேர்ந்த பின்புதான் 'இந்த மாதம் வேண்டாம்' என்ற முடிவு பிறக்கிறது.

என் கருத்து இதுதான்: பள்ளி மாணவர்களும், மருத்துவத்திற்கோ பள்ளிக்கோ அவர்களுடன் செல்லும் ஒரு பெரியவரும் ஃபெரியில் இலவசமாகச் செல்ல வேண்டும். சலுகை பன்னிரண்டு வயதோடு முடியவும் கூடாது. நம்மிடம் ஆறாம் ஆண்டு முடித்து, முதலாம் படிவத்திற்குத் தீவிலுள்ள பள்ளிக்குச் செல்பவனுக்குப் பதின்மூன்று வயது ஆனதும் வருமானமா வந்துவிடுகிறது?

கலங்களைப் பராமரிக்கப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். காட்சி காண வருவோர் முழுக் கட்டணம் செலுத்தட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கால அட்டவணைப்படி எப்படியும் புறப்படும் கலத்தில் இரண்டு சிறுவர்கள் அமர்வதால் எரிபொருள் செலவு எவ்வளவு கூடிவிடும்? ஜார்ஜ்டவுன் நகருக்குள் ஓடும் கேட் பேருந்து இலவசமாகத்தானே ஓடுகிறது? படகுத்துறைக்கு அப்பால் முடிவது கடலுக்கும் முடியும். காலை நெரிசலில் இடம் போதுமா என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதைத் துறைமுக நிருவாகம்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கான கடித வரைவை முன்வைக்கவிருக்கிறேன். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பெருநிலத்தில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் பதிவேடுகளையும் ஒருமுறை புரட்டிப் பார்த்து எழுதினால், மாணவர் பெயரின்றி எண்ணிக்கையை மட்டும் கடிதத்தில் சேர்த்துக்கொள்வேன்.