‘மண்டையில் ஏறாது’ என்பது யார் சொன்ன அறிவியல்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில், திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில் நடக்கும் மாலை நேரப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தோம். அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்து, நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருவர், மற்றவர்கள் கலைந்து போகும்வரை காத்திருந்து கேட்டார்: ‘டாக்டருக்குப் படிக்காம, மூளையப் பத்தி மட்டும் படிக்க முடியுமாண்ணா?’

ஏன் இந்த ஆசை என்று விசாரித்தோம். அவருடைய அத்தைக்குப் போன வருடம் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராத அத்தை, நடவுப் பாட்டை யாராவது எடுத்துக் கொடுத்தால் வார்த்தை பிசகாமல் பாடுகிறாராம். ‘பேச வராத வாய்க்குப் பாட்டு மட்டும் எப்படி வருது?’ என்று பள்ளியில் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். ‘அதெல்லாம் உனக்கு மண்டையில ஏறாது. பேசாம நர்சிங்ல சேரு’ என்பது வந்த பதில்.

நர்சிங் நல்ல படிப்பு. அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. மூளை அறிவியல், அதாவது நரம்பறிவியல், பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் கிளம்பியது. 1861ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர், பல ஆண்டுகளாக ‘டான்’ என்ற ஒரே ஓசையைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாமல் இருந்த ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் எடுத்துப் பார்த்தார். இடது முன்பகுதியில் சேதம் இருந்தது. பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான். அந்த இடத்துக்கு இன்றும் புரோக்காவின் பெயர்தான். அங்கே அடிபட்டவர்களில் சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு மிஞ்சுவது ஏன் என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். காலனித் திண்ணையில் உட்கார்ந்து நம் பிள்ளை கேட்டதும் அதையேதான்.

இதே புரோக்கா மூளைகளை எடை போட்டு, பெண்களுக்கு அறிவு குறைவு என்று எழுதியவர் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அவருக்கு முன்பே அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன், மண்டையோடுகளில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, எந்த இனம் மேல், எது கீழ் என்று வரிசை போட்டார். நம் நாட்டுக்கும் அந்த அளவுகோல் வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து சாதியின் உயர்வு தாழ்வைச் சொல்லலாம் என்றார். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், அதே வகை உடல் அளவுகளைக் கையில் எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதற்கு அவற்றில் ஆதாரமில்லை என்று எடுத்துக்காட்டினார். அளந்தவர்களின் அளவையே வைத்துப் பதில் சொன்ன அந்த வேலையை அறிவியல் மாணவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

‘மண்டையில் ஏறாது’ என்பதும் மூளையைப் பற்றிய ஒரு கூற்றுதானே? அப்படியானால் மூளை என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஓட்டுநர்களின் மூளையை 2000ஆம் ஆண்டில் படம் எடுத்துப் பார்த்தபோது, இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படியோ என்ற சந்தேகத்தை 2011இல் வந்த அடுத்த ஆய்வு தீர்த்தது. பயிற்சிக்கு முன்பு வேறுபாடு இல்லை. படித்துத் தேறியவர்களுக்கே அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. படிக்கப் படிக்க மூளை மாறுகிறது. ஏற விடாமல் வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, ஏறவில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இந்தத் துறையின் தந்தை என்று போற்றப்படும் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், சிறுவயதில் படிப்பில் அடங்காத பையன். அவருடைய அப்பா மருத்துவர். மகனைத் திருத்துவதற்காகச் செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விட்டார். அந்தப் பையன் பின்னாளில் நரம்பணுக்களைக் கையால் வரைந்து, 1906இல் நோபல் பரிசு வாங்கினார். அங்கே செருப்புத் தைப்பது கொஞ்ச காலத் தண்டனை. இங்கே அதைப் பிறப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குள் போனால் எதைக் கேட்பார்கள்? கரும்பிலும் நெல்லிலும் மருந்து அடிக்கும் கூலித் தொழிலாளிக்கு ஏன் கை நடுங்குகிறது, ஏன் எச்சிலும் வியர்வையும் ஊற்றுகிறது என்று கேட்பார்கள். மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், நரம்பு தசைக்குச் செய்தி அனுப்பும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. பூச்சி சாவதும் மனிதர் சுருண்டு விழுவதும் ஒரே வழியில்தான். இளநிலைப் பாடத்திலேயே இது வந்துவிடும். மலக்குழிச் சாவுகளும் அப்படித்தான். ஹைட்ரஜன் சல்பைடு வாயு கூடக்கூட முதலில் முகரும் நரம்பு மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் நேரத்தில், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியும் இருக்கிறது. உயிர் தப்பி வீட்டில் கிடப்பவரின் நினைவும் நடையும் என்னவாகின்றன என்று யார் போய்ப் பார்ப்பது? அந்தத் தெருவிலிருந்து வந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

வழி இருக்கிறது. நம் நாட்டில் இளநிலையில் ‘நியூரோசயின்ஸ்’ என்ற பெயரிலேயே பட்டம் தரும் இடங்கள் அரிது. (‘நியூரோ’ என்று தொடங்கும் துணை மருத்துவப் படிப்புகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். இ.இ.ஜி. போன்ற பரிசோதனைகளை எடுக்கும் வேலைக்கானவை அவை. அந்த வேலை வேண்டுமென்றால் தாராளமாகச் சேரலாம்.) விலங்கியல், உளவியல், உயிர்வேதியியல், இயற்பியல் என எதைப் படித்தும் முதுநிலையில் இந்தத் துறைக்குள் நுழையலாம். நேராகப் போக விரும்புகிறவர்களுக்கு ஐசர் எனப்படும் மத்திய அறிவியல் நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு உண்டு. நாட்டில் ஏழு ஐசர்கள். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் திருப்பதி, அந்தப் பக்கம் திருவனந்தபுரம். ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என ஒவ்வொன்றிலும் 15 கேள்விகள். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் போதும். நீட் தேர்வைத் தமிழில் எழுத முடிகிறது, இதை முடியாது. கேட்க வேண்டிய கோரிக்கை இது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறவர். ‘இதப் படிச்சா என்ன வேலைங்க கெடைக்கும்?’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொன்னோம். இளநிலையோடு நின்றால் பெரிய வேலை இல்லை. முனைவர் பட்டம் வரை போனால்தான் இந்தத் துறை சோறு போடும், பத்து ஆண்டுகள் ஆகிவிடும். தகுதித் தேர்வில் தேறி ஆய்வு மாணவர் ஆனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதுவரைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைதான் துணை; குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘பத்து வருசமா...’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

போய்ச் சேர்ந்த இடத்தில் ‘கோட்டா’ என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்தோம். ‘இங்க மட்டும் மூஞ்சிக்கு நேராவே பேசுறாங்களேண்ணா’ என்று சிரித்தார்.

இந்த ஆண்டு ஐ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கும் நாள் முடிந்திருந்தது. பள்ளியில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. இப்போதைக்கு அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்திருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மறு ஆண்டும் அந்தத் தேர்வை எழுதலாம் என்பதால், மாலை வகுப்பில் கணக்கும் இயற்பியலும் மறுபடி படிக்கிறார். கணக்கு சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது. பட்டம் முடித்துவிட்டு ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் வாரத்தில் இரண்டு மாலைகள் ஒதுக்கினால் போதும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் கேட்பார்கள்.